குஞ்சம்மாவின் வளவு இறங்கிய கதை

வெளிநாட்டில் சில மாதம் பயிற்சி முடித்துவிட்டு வருகிறவர்களைக் கொஞ்சக் காலம் வீட்டுக்குள் பூட்டி வைத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. படித்துக்கொண்டு வந்ததில் பாதி மறந்து, மிச்சப் பாதியில் சந்தேகம் வந்த பிறகு கதவைத் திறந்துவிட்டால் போதும். என்னை ஒருவரும் பூட்டவில்லை. அதன் விளைவாகத் தெல்லிப்பழைக்கு வடக்கே ஒரு சின்னக் கிராமம், தான் நிலத்துக்குள் இறங்கிக்கொண்டிருப்பதாக ஒரு கோடை முழுவதும் நம்பிக்கொண்டிருந்தது.

நான் படித்துக்கொண்டு வந்தது இதுதான். எழுநூறு கிலோமீற்றர் உயரத்தில் ஒரு செயற்கைக்கோள் ஓடுகிறது. அது நாங்கள் எடுப்பது போலப் படம் எடுப்பதில்லை. ரேடியோ அலையை நிலத்துக்கு அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைக் கேட்கிறது. இருட்டு, மழை, முகில் ஒன்றும் அதற்குப் பொருட்டில்லை. இரண்டு கிழமைக்குள் திரும்பவும் அதே இடத்துக்கு மேலே வந்து அதே அலையை அனுப்பும். முந்திய எதிரொலியையும் பிந்தியதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால், இடையில் நிலம் ஒரு நகத்தின் தடிப்பளவு ஏறியிருந்தாலும் இறங்கியிருந்தாலும் தெரிந்துவிடும். இதை முதன்முதலில் திரையில் பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எங்கோ ஒரு தேசத்து எரிமலை, மூச்சை உள்ளே இழுத்த மாதிரி உப்பியிருந்தது. அதைச் சுற்றி வானவில் நிறத்தில் வளையங்கள். ஒரு மனிதர்கூட அந்த மலையில் ஏறி அளக்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. (பக்கத்தில் இருந்த பிரேசில் நாட்டுப் பெண், எனக்கு வீட்டு ஞாபகம் வந்துவிட்டதென்று நினைத்துச் சொக்லேற் தந்தாள். அது மட்டும் இறங்கியது.)

இப்படி ஓர் அதிசயம் கையில் இருக்கும்போது சும்மா இருக்க முடியுமா? யாழ்ப்பாணத்தின் அடியில் கிடப்பது சுண்ணாம்புக்கல். தண்ணீர் ஓடி ஓடி உள்ளே பொந்தும் குகையுமாகிப்போன கல். எங்கேயாவது கொஞ்சமாவது இறங்காமலா இருக்கும் என்று, கண்டியில் நான் ஆய்வு செய்துகொண்டிருந்த அறையில் இருந்தபடி, ஆசையோடு தேடத் தொடங்கினேன். என் ஆசைக்கு அகப்பட்டவர்கள் குஞ்சம்மாவும் குஞ்சையாவும்.

குஞ்சம்மா என் அம்மாவின் கடைசித் தங்கை. குஞ்சையா அவருடைய கணவர், தோட்டக்காரர். யுத்தத்தில் அவர்கள் தங்கள் வளவை, வீடும் தோட்டமும் இருந்த காணியை, விட்டு வெளியேறியபோது எனக்குப் பல் முளைக்கவில்லை. இராணுவம் காணியை விடுவித்து, அவர்கள் திரும்பிப் போனபோது எனக்கு நரை தொடங்கிவிட்டது. இடையில் முழுக்கக் கரவெட்டியிலும் வேறு ஊர்களிலும் வாடகை வீடுகள்தான். பழைய வீடு இருந்த இடத்தில், சாமியறை என்று குஞ்சம்மா அடையாளம் காட்டிய மூலையிலிருந்து ஒரு வேம்பு ஓட்டு உயரத்துக்கு வளர்ந்து நின்றது. அவர்கள் ஒரு தகரக் கொட்டிலைப் போட்டுக்கொண்டு அந்தக் கிழமையே குடிவந்துவிட்டார்கள். வீடு கட்டி முடியும் வரைக்கும் கரவெட்டியிலேயே இருக்கலாமே என்று என் அம்மா சொல்லிப் பார்த்தார்.

"இனி ஒரு இரவும் இன்னொருத்தற்றை வளவிலை படுக்கேலாது மச்சாள்" என்று குஞ்சையா சொன்னார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

வீட்டுக்கு நிலையம் எடுத்தாயிற்று. அதாவது, ஆசாரியார் வந்து வளவை அளந்து, வீடு எந்த இடத்தில் நிற்க வேண்டும், வாசல் எங்கே வர வேண்டும் என்று கணக்குப் பார்த்து, மூலைகளுக்கு முளை அடித்துவிட்டுப் போயிருந்தார். கோடைக்குள் சுவரும் கூரையும் எழும்பிவிட வேண்டும், மாரி மழையைக் கொட்டிலில் சமாளிக்க முடியாது என்பது திட்டம். அங்கேதான் நான் மூக்கை நுழைத்தேன்.

"வீடு துவங்க முன்னம் நிலம் அசையுதோ எண்டு நான் மேலையிருந்து பாத்துச் சொல்லுறன்" என்றேன்.

"மேலையிருந்தோ?" குஞ்சையா வானத்தைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். குஞ்சம்மாவும் அடுப்பை மறந்துவிட்டு வந்து நின்றார். (அன்று கீரை அடிப்பிடித்தது. நான் அதை விஞ்ஞானத்துக்குக் கிடைத்த மரியாதையாக எடுத்துக்கொண்டேன்.)

ஒரு சிக்கல் இருந்தது. மரமும் பற்றையும் உள்ள காணியில் எதிரொலி குழம்பிவிடும். இலைகள் ஒரு முறை நின்ற மாதிரி மறுமுறை நிற்பதில்லை. கட்டடமோ பாறையோ இருந்தால்தான் ஒழுங்கான பதில் வரும். அது இல்லாத இடத்தில் ஒரு மூலைத் தகடு வைப்பார்கள். மூன்று அலுமினியத் தகடுகளை அறை மூலை போலப் பொருத்தி, வாயை வானத்துக்குக் காட்டி நாலு காலில் நிறுத்துவது. வருகிற அலையை வந்த வழியே திருப்பி அனுப்பிவிடும். சுன்னாகத்தில் கிறில் ஒட்டுகிற கடையில் ஒன்று செய்வித்தேன். செய்தவர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கோழி உதுக்குள்ளை நிக்காது தங்கச்சி" என்றார்.

அதன் கால்களைக் கொங்கிறீற்றில் இறுக்க வேண்டும் என்பது முதல் விதி. பயிற்சியில் இதை எத்தனையோ தரம் சொல்லித் தந்தார்கள். ஆனால் பயிற்சி தந்தவர்களுக்குக் குஞ்சையாவைத் தெரியாது.

"நாட்கல் வைக்க முன்னம் இந்த வளவிலை ஒரு சட்டி கொங்கிறீற்றும் போடேலாது பிள்ளை. முதல் சீமெந்து வீட்டுக்குத்தான்."

"இது வீடில்லைக் குஞ்சையா. கருவி."

"கருவியைக் குறை சொல்லேல்லை. நல்ல நாள் பாத்து முதல் கல்லு வைச்ச பிறகு நீ வளவு முழுக்கப் போடு."

இவ்வளவு காலம் காத்திருந்த மனிதரிடம் இதற்கு மேல் வாதாட எனக்கு மனம் வரவில்லை. நாலு செங்கல்லை மண்ணில் பதித்து, அதன் மேல் கால்களை வைத்தேன். கொட்டிலுக்குப் பின்னால் மரம் எதுவும் இல்லாத ஒரு வெளி இருந்தது. சுற்றிவர எல்லாம் காடாகிக் கிடக்க, அந்த இடத்தில் மட்டும் புல்லைத் தவிர ஒன்றும் இல்லை. எனக்கென்றே ஒதுக்கி வைத்த மாதிரி இருந்ததால் அதையே தேர்ந்தேன். ஒருவரும் தொடக் கூடாது, அசைக்கக் கூடாது என்று குஞ்சம்மாவிடம் சொல்லிவிட்டுக் கண்டிக்குப் பஸ் ஏறினேன்.

பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. மாசியில் வந்த முதல் ஒப்பீட்டில் தகடு கொஞ்சம் இறங்கியிருந்தது. அடுத்ததில் இன்னும் கொஞ்சம். தெல்லிப்பழைப் பக்கத்துப் பழைய கட்டடங்கள் எல்லாம் ஆடாமல் அசையாமல் நிற்க, இது மட்டும் இறங்கியது. பங்குனி, சித்திரை என்று கோடு கீழே போய்க்கொண்டே இருந்தது. அவ்வளவு நேர்த்தியான கோட்டை நான் பயிற்சியில்கூடப் பார்த்ததில்லை. ஆனியில் கொஞ்சக் காலம் அது தட்டையாக நின்றது. அதற்கு நான் 'குகையின் ஓய்வுக் கட்டம்' என்று பெயர் வைத்தேன். சில நாட்களில் எதிரொலி மங்கியது. அதற்கும் ஒரு பெயர் வைத்தேன். என்ன பெயர் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

என்னிடம் இருந்தது ஒரே ஒரு தகடு. ஆனால் மென்பொருளுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. தெரியாத இடங்களை நிறம் பூசி நிரப்பித் தா என்று கேட்டால், உனக்கு விசரா என்று அது திருப்பிக் கேட்காது. பூசித் தந்தது. குஞ்சம்மாவின் வளவு இரத்தச் சிவப்பு. சுற்றி உள்ள வளவுகள் செம்மஞ்சள். அதற்கு அப்பால் மஞ்சள், பச்சை. கிராமத்தின் நடுவில் ஒரு குகை வாயைத் திறக்கிறது என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது.

நீ போய்ப் பார்க்கவே இல்லையா என்று கேட்பீர்கள். பார்த்தேன். இடையில் ஒரு தடவை, முதல் நாளே ரெலிபோனில் சொல்லிவிட்டுப் போனேன். தகடு கண்ணாடி போல மினுங்கியது. குஞ்சம்மா பழப்புளி போட்டுத் தேய்த்திருந்தார். ஒவ்வொரு காலைச் சுற்றியும், வாழைக்குக் கட்டுவது போல வட்டமாக, அழகான ஒரு மண் வரம்பு. ஆடு மாடு கிட்ட வராமல் இருக்க அடையாளம் போட்டிருக்கிறார் என்று நினைத்து உருகிப்போனேன். படம் எடுத்து, 'மக்கள் பங்களிப்பு' என்று தலைப்புப் போட்டு வைத்துக்கொண்டேன்.

குஞ்சையாவிடம் சொன்ன நாள் நல்ல வெயில். அவர் வரைபடத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு, முளைகள் நின்ற பக்கம் பார்த்தார்.

"அப்ப இதிலை கட்டேலாதோ?"

"இப்போதைக்கு வேண்டாம் குஞ்சையா."

"சரி பிள்ளை. நீ படிச்சனி" என்றார். அவர் சண்டை பிடித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அன்று பின்னேரம் மேசன் தவம் அண்ணைக்கு வேலை இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள். "நிலம் ஒரு முடிவுக்கு வரட்டும், பேந்து வாறன்" என்று சொல்லிவிட்டு அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார்.

செய்தி வேலி தாண்ட எவ்வளவு நேரம் எடுக்கும்? சனசமூக நிலையத் தலைவர், ஓய்வுபெற்ற தபால் அதிபர், ஊருக்கு விளக்கம் தர வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார். நான் சேலை கட்டிக்கொண்டு போனேன். எரிமலைப் படத்தைக் காட்டியபோது சபை மூச்சுக் காட்டாமல் இருந்தது. அவர்கள் முகங்களில் இருந்த வியப்பைப் பார்க்க எனக்கு அந்தச் செயற்கைக்கோளை நானே பெற்று வளர்த்த மாதிரி ஒரு பெருமை. அடுத்ததாகக் கிராமத்தின் படத்தைப் போட்டேன். அதோடு வியப்பு முடிந்தது.

"பிள்ளை, எங்கடை வளவு என்ன நிறம்?"

"மஞ்சள்."

"எங்கடை மாட்டுக்கொட்டில்?"

"அதுக்கெண்டு தனியா நிறம் இல்லை அன்ரி."

பின்வரிசையில் இருந்த ஒருவர் எழும்பி, பக்கத்து வளவுக்காரரைக் காட்டினார். "உவன்ரை செம்மஞ்சள் என்ரை வேலியைத் தாண்டி ரெண்டு முழம் உள்ளை வந்து கிடக்கு. உதுக்கு என்ன நடவடிக்கை?"

"செம்மஞ்சளை நானோ கொண்டுவந்து விட்டனான்?" என்று மற்றவர் கேட்டார். தலைவர் இருவரையும் இருத்தப் பெரும்பாடு பட்டார்.

அதற்குப் பிறகு ஊரில் எல்லாமே இறங்கத் தொடங்கியது. ஒருவருடைய கதவு சிக்கியது. ஒருவருடைய கிணற்றுக்குக் கயிறு போதவில்லை. ஒரு மாமி தோசை ஊற்றினால் மா ஒரு பக்கமாக ஓடுகிறது என்று சொன்னார். கட்டத் தொடங்கியவர்கள் நிறுத்தினார்கள். ஆவணி கடந்தது. கொட்டிலின் தகரத்தில் புதிய ஓட்டைகளை அடைத்துக்கொண்டிருந்த குஞ்சையாவைப் பார்த்து, நான் அவரைக் காப்பாற்றியதாக நினைத்துக்கொண்டேன்.

புரட்டாசியில், அங்கே இங்கே கெஞ்சிப் பிடித்து, துளை போடுகிற இயந்திரம் ஒன்றை, ரெலிபோனில் சொல்லக்கூட நேரமில்லாமல், கொண்டுவந்தேன். குகை எவ்வளவு ஆழத்தில் என்று கண்டுபிடித்தால், எங்கே கட்டலாம் என்றாவது சொல்லலாம். ஊர் முழுக்க வேலியோரம் நின்றது. தலைவர் குடை பிடித்தபடி வந்திருந்தார். உள்ளே குகை தட்டுப்பட்டதும் கம்பி 'லொடுக்' என்று கீழே விழும், பயப்பட வேண்டாம் என்று நான் எல்லோருக்கும் முன்னெச்சரிக்கை கொடுத்தேன்.

முளைகளுக்கு நடுவே போட்ட முதல் துளையில், கையளவு செம்மண்ணுக்குக் கீழே கல் வந்தது. இயந்திரம் கத்தியது. கல் விடவில்லை. அடுத்த மூலைக்கு மாற்றினோம். அங்கேயும் கல். பின்னேரம் வரை வீடு வரவேண்டிய நிலம் முழுக்கத் துளைத்தாயிற்று. பொந்தும் இல்லை, போறையும் இல்லை.

"உதிலை நாலு மாடி கட்டலாம் தங்கச்சி" என்றார் இயந்திரக்காரர், சூடேறிய முனையைத் தண்ணீரில் தோய்த்தபடி.

"அப்ப எது பிள்ளை இறங்குது?" என்று தலைவர் கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். 

அப்போது பொழுது சாய்கிற நேரம். எங்கள் கூட்டத்தைப் பற்றிக் கவலைப்படாமல், கொட்டிலுக்குள்ளிருந்து குஞ்சம்மா ஒரு ஓலைக் கடகத்தோடு வந்தார். நேரே, நான் அன்று எட்டியும் பாராத மூலைத் தகட்டடிக்குப் போனார். குனிந்து உள்ளேயிருந்து செத்தல் மிளகாயை இரண்டு கையாலும் அள்ளி அள்ளிக் கடகத்தில் போட்டார். கடகம் நிரம்பியது. இன்னொரு கடகம் கொண்டுவந்தார். அதுவும் நிரம்பியது. பிறகு வாளியைத் தூக்கி, ஒவ்வொரு காலின் வரம்புக்குள்ளும் தளும்பத் தளும்பத் தண்ணீர் ஊற்றினார்.

ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. அன்று அந்தக் கிராமத்தில் அசையாமல் நின்ற ஒரே பொருள் நான்தான்.

"குஞ்சம்மா, என்ன செய்யிறியள்?"

"எறும்புக்குப் பிள்ளை. தண்ணி நிண்டால் எறும்பு ஏறாது."

"இதுக்குள்ளை மிளகாய் போடுறனீங்களோ?"

"தகட்டைத் தொடேல்லை. பாய் விரிச்சுத்தான் போட்டனான். மாசியிலை பனங்கிழங்கு பிளந்து ஒடியல், பேந்து வேப்பம்பூ வடகம், இப்ப மிளகாய். உதிலை காயிற மாதிரி வேறை எதிலையும் காயாது. நீ வாற அண்டைக்கு மட்டும் எடுத்துப்போட்டுத் துடைச்சு விடுறனான்" என்றார். குரலில் ஒரு குற்ற உணர்வும் இல்லை. இருக்க வேண்டிய தேவையும் இல்லை.

நான் ஓடிப்போய்க் குந்தியிருந்து பார்த்தேன். செங்கல் நாலும் சேற்றுக்குள் புதைந்து கண்ணுக்கே தெரியவில்லை. கையை விட்டால் மணிக்கட்டு வரை போனது.

"இந்த இடத்திலை மண் ஏன் இவ்வளவு இளக்கம்?" என்றேன் பலவீனமாக.

"அதிலைதானே ஷெல்லடிக்குப் பதுங்கிற எங்கடை பழைய பங்கர் இருந்தது" என்றார் குஞ்சையா. "நாங்கள் வந்தவுடனை மண் போட்டு மூடினனாங்கள்."

"ஏன் குஞ்சையா என்னட்டைச் சொல்லேல்லை?"

"மேலையிருந்து எல்லாம் தெரியும் எண்டு நீதானே சொன்னனி" என்றார். அவர் கிண்டல் பண்ணவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நம்பியிருந்தார்.

வேலியோரம் முதலில் யார் சிரித்தது என்று தெரியாது. மாட்டுக்கொட்டில் அன்ரியாக இருக்கலாம். சிரிப்பு அப்படியே வேலி வழியே ஓடி, இயந்திரக்காரர் நிலத்தில் குந்திச் சிரிக்கும் வரை போனது. எல்லைத் தகராறுக்காரர்கள் இருவரும் ஒருவர் தோளில் மற்றவர் சாய்ந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று எழுத ஆசைதான். நான் கொட்டிலுக்குள் போய்ப் பாயில் குப்புறப் படுத்துக்கொண்டேன்.

அன்றிரவு கணினியைத் திறந்து குஞ்சம்மாவைப் பக்கத்தில் இருத்தி, ஒவ்வொன்றாகக் கேட்டேன். எதிரொலி மங்கிய நாட்களா? தகட்டில் ஈர ஒடியலும் வடகமும் இருந்த நாட்கள். கோடு தட்டையாக நின்ற ஆனியா? மகளின் பிரசவத்துக்குக் குஞ்சம்மா வல்வெட்டித்துறைக்குப் போய் நின்ற காலம். தண்ணீர் ஊற்ற ஆளில்லை, பாரமும் இல்லை. அவர் திரும்பி வந்த பிறகு கோடு மறுபடி கீழே போயிருந்தது. எனக்கு அவமானம் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப்போய், முதல் நாள் எரிமலையைப் பார்த்தபோது போலவே கண் கலங்கியது. செயற்கைக்கோள் ஓரிடத்திலும் பிழை விடவில்லை. எழுநூறு கிலோமீற்றருக்கு அப்பால் இருந்துகொண்டு, ஒரு மனுசி ஊருக்குப் போனதையும் வந்ததையும், அவர் எறும்புக்கு ஊற்றிய தண்ணீரையும் அது எழுதி வைத்திருக்கிறது. வாசிக்கத் தெரியாதவள் நான்.

"இதெல்லாம் உதுக்குத் தெரிஞ்சதோ?" என்று குஞ்சம்மா திரையைப் பார்த்தபடி கேட்டார். "நான் இல்லாததும் தெரிஞ்சதோ?"

"ஓம் குஞ்சம்மா."

அவர் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, முகட்டை அண்ணாந்து பார்த்தார்.

ஆனால் கோடை போய்விட்டது. அந்த மாரியை அவர்கள் கொட்டிலில்தான் கழித்தார்கள். கார்த்திகையில் நான் போய் அவர்களோடு நின்றேன். தகரத்தில் மழை விழுகிற சத்தத்தில் ஒருவர் கதைப்பது மற்றவருக்குக் கேட்காது. ஒழுக்குக்குச் சட்டி வைத்து, சட்டிக்கு இடம் விட்டு நாங்கள் ஒடுங்கிப் படுத்தோம். நான் அழுதேன். மழைச் சத்தத்தில் கேட்காது என்று நினைத்தேன். குஞ்சையாவுக்குக் கேட்டுவிட்டது.

"உதுக்கு ஏன் அழுறாய்? இவ்வளவு துளை போட்டுச் சோதிச்ச நிலம் இந்த ஊரிலை வேறை ஆரிட்டை இருக்கு? காலம் முழுக்கக் காத்திருந்தம், ஒரு மாரி பெரிசோ?" என்று மழைக்கு மேலால் கத்திச் சொன்னார். அதைக் கேட்டபின் இன்னும் கொஞ்சம் அழுதேன்.

தையில் நாட்கல் வைத்தார்கள். தவம் அண்ணை வந்தார். அடுத்த மாரிக்கு முன் புது வீட்டுக் குடிபூரலும் நடந்தது. அன்று நான் பந்தியில் இருந்தபோது, பரிமாறியவர்கள் ஒவ்வொருவரும் என் இலையடியில் நின்று, "இன்னும் ஒரு கரண்டி வைக்கலாமோ, இல்லாட்டி வளவு இறங்குமோ?" என்று கேட்டுவிட்டுத்தான் வைத்தார்கள். இன்றைக்கும் எங்கள் சொந்தத்தில் எந்தக் கலியாணத்திலும் எனக்குச் சோறு இப்படித்தான் வருகிறது. கனடாவில் பிறந்த பிள்ளைகளும் இதைப் பழகிவிட்டார்கள்.

குடிபூரல் முடிந்து கண்டிக்குத் திரும்பிய பிறகு, அந்தப் பக்கத்துப் படத்தைத் திறந்தேன். முளை நின்ற இடத்தில், முன்பு மரமும் பற்றையும் மங்கலாகக் கலங்கிக் கிடந்த இடத்தில், ஒரு வெள்ளைப் புள்ளி. சுவரும் நிலமும் கூடுகிற மூலைகள் அலையைத் திருப்பி அனுப்புகின்றன. இனித் தகடு தேவையில்லை. வீடே பதில் சொல்கிறது. பழைய படங்களை ஒவ்வொன்றாக எடுத்து வரிசையில் ஓடவிட்டேன். காணி விடுபட்ட அந்தக் கரையெல்லாம் முதலில் இருட்டு. பிறகு ஒரு புள்ளி. பக்கத்தில் இன்னொன்று. பிறகு இரண்டு மூன்றாக, கடற்கரை வரைக்கும். ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் திரும்பி வந்து எழுப்பிய சுவர்.  உடனே குஞ்சையாவுக்கு ரெலிபோன் எடுத்துச் சொன்னேன்.  அவர் அந்தப் புள்ளி எவ்வளவு பெரிதென்று கேட்டார்.

அன்று தொடங்கியது இன்னும் நிற்கவில்லை. குஞ்சையா ரெலிபோன் எடுத்தால் சுகம் கேட்பதில்லை. பின்னால் குஞ்சம்மாவும் பேரப்பிள்ளைகளும் சிரிக்கிற சத்தம் கேட்கும். "பிள்ளை, இண்டைக்கும் தெரியிறமோ?" என்பார். வீட்டில் எல்லோருக்கும் அது பகிடி. நான் மட்டும், கடைசியாக வந்த படத்தைத் திறந்து, அந்த இடத்தைத் தேடிப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வேன்.

"ஓம் குஞ்சையா, தெரியிறியள்."